உப்புத்தாள் எட்டாத குழி

சென்னையிலிருந்து மூன்று நாள் கடலில் வந்து அந்தமானின் ஹேடோ துறைமுகத்தில் இறங்குகிறவர், நாக்கால் உதட்டைத் தொட்டால் கரிக்கும். வீட்டுக்குப் போய்க் குளித்தால் அவருக்குத் தீர்ந்தது. வருஷம் முழுக்க அதே காற்றில் தெருவோரம் நிற்கும் காருக்கு அது தீர்வதில்லை.

அங்கே ஒரு பத்து வயசுக் காரின் கதவைத் திறந்து, அடிவிளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். பெயிண்ட் அங்கங்கே கொப்புளம் கொப்புளமாக உப்பியிருக்கும். ஒன்றை நகத்தால் நெம்பினால் தோல் உரிந்து, உள்ளே காவி நிறத்தில் பொருக்குத் துரு உதிரும். அதையும் தட்டித் துடைத்துவிட்டு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் குண்டூசித் தலை அளவில் ஒரு கருங்குழி தெரியும். ஈரம் மினுங்கும். துருவின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது.

இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு என்று பள்ளியில் படித்தோம். இரும்பு துருவாகும்போது இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பருக்கும். பெயிண்ட் உப்புவது அதனால்தான். கடலோரத்தில் நான்காவதாக உப்பும் சேர்கிறது. அலை உடையும்போது வெடிக்கும் குமிழிகள் உப்புத்துளிகளைக் காற்றில் எறிகின்றன. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசிந்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். இரண்டு பருவமழையும் பெய்து, ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை காணும் ஊர் இது. மழை நனைக்காத நாளிலும் காரை உப்பு நனைத்துக்கொண்டே இருக்கிறது.

குழிக்குள் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். குழியின் அடியில் ஆக்சிஜன் குறைவு, விளிம்பில் அதிகம். இந்த ஏற்றத்தாழ்வே அதை ஒரு சின்ன பேட்டரி ஆக்கிவிடுகிறது. அடியில் இரும்பு கரைகிறது. கரைந்த இரும்பைத் தேடிக் குளோரைடு உள்ளே இறங்குகிறது. அங்கே அமிலம் ஊறுகிறது. அமிலம் இன்னும் இரும்பைக் கரைக்கிறது. இத்தனை வேலை செய்தும் குளோரைடு செலவாவதே இல்லை. வெளியே எடுக்காதவரை அது அங்கேயே கிடந்து அரிக்கும்.

இதையே ஆராய்வதற்கென்று தமிழ்நாட்டில் ஒரு நிறுவனம் இருக்கிறது: 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். கடற்காற்று அரிப்பைப் பார்க்க மண்டபத்தில் அதற்கு ஒரு ஆய்வு மையமும் உண்டு. எடை போட்ட உலோகத் தகடுகளை வெட்டவெளியில் சாய்த்து நிறுத்திவைப்பார்கள். மாதக்கணக்கில் கழித்து, துருவை மட்டும் அமிலத்தில் கரைத்து எடுத்துவிட்டு மறுபடி எடை போடுவார்கள். குறைந்த எடைதான் காற்று தின்ற இரும்பு.

டிங்கரிங் பட்டறையில் துருவுக்கு வழக்கமான மருந்து உப்புத்தாள். தேய்க்கத் தேய்க்கத் தகடு பளபளக்கும். மேடுகள்தான் அப்படிப் பளபளக்கின்றன. தாள் தட்டையானது, குழிக்குள் இறங்காது. தேய்த்த துருத்தூளே போய்க் குழியை அடைக்கும். அதன்மேல் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து அனுப்பினால் அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அதே இடத்தில் கொப்புளம் எழும். வேலைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று வண்டிக்காரர் நினைப்பார். பல சமயம் அவர் ஏமாற்றியிருக்க மாட்டார். கருவிதான் எட்டவில்லை.

குழிக்குள் எட்டக்கூடியது காற்றோடு பாயும் துகள். இந்த முறைக்கு 1870-இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் பெஞ்சமின் டில்க்மேன். இன்று கைக்கு அடக்கமான துப்பாக்கியாகவே அது கிடைக்கிறது. கம்ப்ரசரிலிருந்து 90 பவுண்டு அழுத்தத்தில் காற்று குறுகிய வாய் வழியாகச் சீறிப் பாயும்போது, அதன் பக்கத்தில் அழுத்தம் குறைந்து, கிண்ணத்தில் இருக்கும் துகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். தகட்டில் மோதும் ஒவ்வொரு துகளும் ஒரு நுண்ணிய உளி. முனை போகும் வழியில் காவி நிறம் மறைந்து, ஒளி பட்டுத் தெறிக்காத வெள்ளிச் சாம்பல் நிறம் விரியும். அந்தச் சொரசொரப்பைப் பற்றிக்கொண்டுதான் பிரைமர் நிற்கும்.

காரின் தகடு முக்கால் மில்லிமீட்டர் சுமார்தான். பானெட், கூரை போன்ற அகலமான பரப்பில் இதை அழுத்தி அடித்தால், அடிபட்ட பக்கத்துத் தோல் மட்டும் விரிந்து தகடு வளைந்துகொள்ளும். கதவு விளிம்பு, மட்கார்டு மடிப்பு, வெல்டிங் இணைப்பு, இவைதான் துப்பாக்கிக்கு உரிய இடங்கள். அகலப் பரப்புக்கு உப்புத்தாளே நல்லது.

பெயர் மணல் துப்பாக்கி என்றாலும், கிண்ணத்தில் மணலை மட்டும் கொட்டிவிடாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். மணல் துகள் தகட்டில் மோதி உடையும்போது, கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் தூசு எழுகிறது. நுரையீரலின் காவல் செல்கள் அதை விழுங்கிச் சாகின்றன. அந்த இடம் தழும்பாகிறது. சிலிகோசிஸ் என்ற அந்த நோயைக் குணமாக்க மருந்தே இல்லை. பிரிட்டன் 1949-லேயே இந்த வேலையில் மணலைத் தடுத்து விதி போட்டது. துருக்கியில் ஜீன்ஸ் துணியை வெளுக்க மணல் பாய்ச்சிய இளைஞர்கள் பலர் இதே நோயால் இறந்த பிறகு, 2009-இல் அங்கே அந்த வேலைக்கே தடை வந்தது. நம் நாட்டிலும் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சிலிகோசிஸை அறிவித்தே தீர வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்திருந்தது. ஆனால் தெருமுனைப் பட்டறையில் முகத்தில் கைக்குட்டை கட்டி நிற்கும் பையனுக்கு அந்தப் பட்டியல் எப்படித் தெரியும்? அந்தத் தூசைக் கைக்குட்டை தடுக்காது.

மாற்று இருக்கிறது. கார்னெட் என்னும் செந்நிறக் கல்துகள், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரிக் கரைகளின் தாது மணலில் கிடப்பதுதான். 2013-இல் தமிழக அரசு அள்ளத் தடை விதித்த அதே தாது மணல். கார்னெட் கனமானது, கடினமானது. தனிச் சிலிக்கா அதில் மிகச் சொற்பம். ஆனாலும் பறப்பது பழைய பெயிண்டும் துருவும்கூட என்பதால், நல்ல காற்று ஊட்டும் முகமூடி வேண்டும்.

அடுத்த தொல்லை தண்ணீர். 30 டிகிரியில், 80 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கும். அதை ஏழில் ஒரு பங்காக அமுக்கிக் குளிரவிட்டால் சுமார் 20 கிராம் தண்ணீராகிவிடும். சின்னத் துப்பாக்கிகூட மணிக்கு 17 கன மீட்டர் காற்று கேட்கும். அப்படியானால் மணிக்கு மூன்றில் ஒரு லிட்டர் தண்ணீர்! குழாயில் நீர்ப்பிரிப்பான் இல்லாவிட்டால் துருவை எடுக்கும் கருவியே துருவுக்கு நீர் வார்க்கும்.

வெளிக்காற்றும் விடாது. தகட்டின் சூடு, காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிட மூன்று டிகிரியாவது கூடுதலாக இருந்தால்தான் பிரைமர் அடிக்கலாம் என்பது இந்தத் தொழிலின் விதி. 30 டிகிரிக் காற்றில் ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் பனிநிலையே 27 டிகிரி. நிழலில் நிற்கும் தகடு நூலிழையில்தான் தப்பும். அந்தமானில் மாலை ஆறு ஆவதற்குள்ளேயே சூரியன் மறைந்துவிடும். அதற்கு முன்பே தகடு குளிரத் தொடங்கும். ஆகவே வெயில் ஏறிய முற்பகல்தான் ஹேடோவில் இந்த வேலைக்கான நேரம்.

உப்பு முழுக்கப் போய்விட்டதா என்று தகட்டையே கேட்டுவிடலாம். முதல்முறை துகள் அடித்த பிறகு பிரைமர் பூசாமல் ஓர் இரவு விட்டுவைத்தால், குளோரைடு மிச்சமிருக்கும் குழிகள் மட்டும் காலையில் கருத்துக் கிடக்கும். அங்கே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, வெயில் ஏறியதும் மறுபடி லேசாகத் துகள் அடித்து, கை ஈரம்கூடப் படாமல், சூடு ஆறுவதற்குள் எபாக்சி பிரைமரை ஏற்றிவிட வேண்டும்.