வேலை கேட்டதற்கு ரசீது வாங்குங்கள்

தை கடைசியில் சம்பா அறுவடை முடிந்துவிட்டால் ஒரத்தநாட்டுச் சுற்றுவட்டாரத்தில் வயல் வேலை ஏறக்குறைய நின்றுபோகிறது. போர்வெல் வைத்திருப்பவர் கோடை நெல் போடுவார், சிலர் உளுந்து தெளிப்பார்கள். கல்லணைக் கால்வாய்த் தண்ணீரை மட்டும் நம்பிய நிலம் மேட்டூர் திறக்கும் ஜூன் 12ஐ எதிர்பார்த்துக் கிடக்கும். முன்பெல்லாம் அறுப்பும் கட்டும் போரடியுமாக மாசி வரையிலாவது கூலி ஓடியது. இப்போது அறுவடை இயந்திரம் ஒரே நாளில் பல ஏக்கரை முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. நடவுக்கும் இயந்திரம் வந்தாயிற்று. ஆண்களில் பலர் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். ஊரில் தங்குவது பெரும்பாலும் பெண்களும் வயதானவர்களும். படித்துவிட்டு அரசுத் தேர்வுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும் உண்டு.

இவர்களில் எத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள்? ஒரத்தநாடு வட்டத்துக்கென்று அப்படி ஒரு கணக்கு வெளியாவதில்லை. மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு மாதிரிக் குடும்பங்களை வைத்து நாட்டுக்கும் மாநிலத்துக்கும் விகிதம் சொல்கிறது. ஒக்கநாடு கீழையூரில் எத்தனை பேர், தென்னமநாட்டில் எத்தனை பேர் என்று அதைக் கேட்க முடியாது. பிரிட்டனில் வேலையில்லாதோர் உதவிக்கு மனுச் செய்தவர் எத்தனை பேர் என்பதை மாதாமாதம் வார்டு வரைக்கும் பிரித்து வெளியிடுகிறார்கள். அந்தக் கணக்கிலும் ஒரு குறை உண்டு. மனுச் செய்தவர்தான் அதில் வருவார், செய்யாதவர் வரமாட்டார். நம் பக்கத்தில் அந்தக் குறைதான் முழுப் பிரச்சினையாக நிற்கிறது. இங்கே உரிமை சட்டத்தில் இருக்கிறது, கேட்பவரும் இருக்கிறார், கேட்டதற்கான தாள் மட்டும் இல்லை.

ஊராட்சி அலுவலகத்தில் வழக்கமாக நடப்பதைப் பாருங்கள். நூறு நாள் வேலைத் திட்ட அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்து நிற்கிறார். "அண்ணே, அடுத்த வாரம் வேலை இருக்கா?" "இப்ப ஒன்னும் வரலக்கா. வந்தா சொல்லி அனுப்புறேன்." "பேர எழுதிக்கிறீங்களா?" "வேலையே வரல, பேர எழுதி என்ன பண்ண?" அவர் திரும்பிப் போகிறார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, குரல் உயர்த்தவும் இல்லை. ஆனால் அந்தப் பெண் வேலை கேட்டது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. வேலை வரும்போது பெயரை எழுதி அன்றே கேட்டதாகப் பதிந்தால், கேட்டவர் எல்லோருக்கும் வேலை கொடுத்ததாகக் கணினியில் கணக்கு ஒத்துப்போகும். காத்திருந்த வாரங்கள் கணக்கில் வராமலே போகும்.

நூறு நாள் வேலைக்கு அடிப்படையான 2005ஆம் ஆண்டின் மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் இதற்கு நேர் எதிரானதைச் சொல்கிறது. தஞ்சை மாவட்டத்துக்கு இந்தத் திட்டம் இரண்டாம் கட்டத்தில், 2007இல் வந்தது. கிராமப்புறக் குடும்பம் ஒன்றில் உடலுழைப்பு வேலைக்கு முன்வரும் வயதுவந்தோர் கேட்டால், 15 நாளுக்குள் வேலை கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் 16ஆம் நாளிலிருந்து வேலையின்மைப்படி தரவேண்டும். முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், அதன்பின் நிதியாண்டின் மீதி நாட்களுக்குப் பாதிக்குக் குறையாமல். 2025-26இல் தமிழ்நாட்டுக் கூலி நாளுக்கு 336 ரூபாய். அப்படியானால் முதல் 30 நாளுக்கு நாளொன்றுக்கு 84 ரூபாய், பிறகு 168 ரூபாய். மாசி முதல் தேதி கேட்டுவிட்டு 45 நாள் வேலையில்லாமல் இருந்த குடும்பத்துக்கு 2,520 ரூபாய் சேரவேண்டும். குடும்பம் நூறு நாள் வேலை பெற்றுவிட்டாலோ, கூலியும் படியும் சேர்ந்து நூறு நாள் கூலியை எட்டிவிட்டாலோ அந்த ஆண்டுக்கு அது முடியும்.

இந்தப் படியைக் கொடுக்கும் செலவு மாநில அரசுடையது. 2005 சட்டப்படி கூலிப் பணம் டெல்லியிலிருந்து வருவது, படி மாநிலத்தின் சொந்தப் பையிலிருந்து போவது. வேலை கேட்டவரின் பெயரைத் தேதியோடு எழுதக் கீழ்மட்டத்தில் காணும் தயக்கத்துக்கு இது ஒரு பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். எந்த ஊராட்சிச் செயலரையும் குற்றம் சொல்லவில்லை. வேலைக்கு ஒப்புதலும் பணமும் மேலிருந்து வராமல் அவர் மட்டும் எங்கே போவார்? அதற்காக மக்கள் தங்கள் உரிமையை வாய்ப்பேச்சிலேயே கரைத்துவிட வேண்டியதில்லை.

ஆகவே கேட்பதை எழுதிக் கேளுங்கள். வெள்ளைத்தாள் போதும். பெயர், வேலை அட்டை எண், எந்தத் தேதியிலிருந்து எத்தனை நாள் வேலை வேண்டும், கையெழுத்து அல்லது கைரேகை. குறைந்தது 14 நாள் தொடர்ச்சியான வேலை என்று கேட்கவேண்டும். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகக் கேட்டாலும் பதிந்துகொள்ள வேண்டும் என்பதே விதி. ஊராட்சியில் வாங்க மறுத்தால் ஒரத்தநாடு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுக்கலாம். இந்தத் திட்டத்துக்கு அவர்தான் திட்ட அலுவலர். எங்கே கொடுத்தாலும் தேதியிட்ட ரசீது தரவேண்டியது அவர்கள் கடமை. தெருவில் பத்துப் பேர் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுக்கலாம், தனியாகப் போய் நிற்பதைவிட அது நல்லது. ரசீது கிடைக்கவே கிடைக்காது என்றால் அதே மனுவைப் பதிவு வசதியோடு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். தபால் முத்திரையின் தேதி உங்கள் பக்கம் சாட்சி.

படியை இழக்கும் வழிகளும் சட்டத்தில் இருக்கின்றன. கொடுத்த வேலையை ஏற்காவிட்டாலோ, அழைப்பு வந்து 15 நாளில் போய்ச் சேராவிட்டாலோ, அனுமதியில்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து வராமல் இருந்தாலோ, மூன்று மாதம் படி கேட்க முடியாது. 5 கிலோமீட்டருக்கு அப்பால் வேலை கொடுத்தால் போக்குவரத்துக்கும் செலவுக்குமாகக் கூலியில் 10 விழுக்காடு கூடுதலாகத் தரவேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது. தூரம் என்று சொல்லிப் போகாமல் இருப்பதைவிட, போய் அந்தப் பத்தைக் கேட்பது மேல்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. ஆண்டுக்கு 125 நாள் வேலை என்கிறது அது. செலவில் 40 விழுக்காட்டைத் தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் ஏற்கவேண்டும். விதைப்பு, அறுவடை மும்முரத்தில் ஆண்டுக்கு மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் இடம் கொடுத்திருக்கிறது. விவசாயிக்கு ஆள் கிடைக்கவேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் நடவும் அறுப்பும் இயந்திரத்துக்குப் போய்விட்ட ஊரில் அந்த 60 நாளில் நிலமில்லாத பெண்ணுக்கு வயலிலும் கூலி இல்லை, திட்டத்திலும் கூலி இல்லை என்றாகும். டெல்டாவுக்கு இந்த நாட்களைக் குறிக்கும்போது தமிழ்நாடு அரசு இதை யோசித்தே ஆகவேண்டும். கேட்டு 15 நாளில் வேலை இல்லையென்றால் படி என்ற ஏற்பாடு புதிய சட்டத்திலும் இருக்கிறது. திட்டத்தின் பெயர் எப்படி மாறினாலும் தேதியிட்ட ரசீதின் மதிப்பு மாறவில்லை.

ஒரத்தநாடு பேரூராட்சிக்குள் குடியிருப்பவர் ஒன்று கவனிக்க வேண்டும். இந்த வேலை உரிமை கிராம ஊராட்சிகளுக்கு மட்டும். சாலைக்கு அந்தப்பக்கம் ஊராட்சி, இந்தப்பக்கம் பேரூராட்சி என்றால், ஒரே கூலிக்காரக் குடும்பத்தின் அண்ணனுக்கு உரிமை உண்டு, தம்பிக்கு இல்லை. நகர்ப்புறத்துக்கென்று தமிழ்நாடு அரசு 2021-22இல் 100 கோடி ரூபாயில் ஒரு வேலைவாய்ப்புத் திட்டத்தை முன்னோடியாகத் தொடங்கி, மாவட்டத்துக்கு ஒன்றாக 37 பேரூராட்சிகளில் நடத்தியது. அதைச் சட்ட உரிமையாக ஆக்கவில்லை. பேரூராட்சி மக்கள் கேட்கவேண்டிய கோரிக்கை அது.

படித்தவர்களுக்கு வேறு கதவு இருக்கிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, விடாமல் புதுப்பித்து, ஐந்து ஆண்டு காத்திருந்தவருக்கு மாநில அரசு உதவித்தொகை தருகிறது. பத்தாம் வகுப்பில் தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று ஆண்டு வரை, காலாண்டுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் வரும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. வயது வரம்பு பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 45, மற்றவர்களுக்கு 40. பொறியியல், மருத்துவம், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்பு முடித்தவருக்கும், கல்லூரிக்கு நேரில் போய்ப் படித்துக்கொண்டிருப்பவருக்கும் கிடையாது. அஞ்சல்வழி படித்தால் தடையில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு ஓராண்டு பதிவு போதும், வருமான வரம்பு இல்லை. பத்தாம் வகுப்பு வரை 600, பன்னிரண்டுக்கு 750, பட்டத்துக்கு 1,000 என்று பத்து ஆண்டு வரை கிடைக்கும்.

600 ரூபாய் ஒரு பட்டதாரிக்குப் போதுமா என்றால் போதாது. தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் போய்வரவும் ஒரு தேர்வுப் புத்தகம் வாங்கவும் சரியாகிவிடும். இந்தத் தொகையை உயர்த்தவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதுவரை இருப்பதையும் விடக்கூடாது. மூன்று ஆண்டில் அது 21,600 ரூபாய்.

பலர் இதை விட்டுவிடுவதற்கு ஒரு தவறான பயம் காரணம். உதவித்தொகை வாங்கினால் பதிவு ரத்தாகிவிடும், சீனியாரிட்டி போய்விடும் என்று ஊரில் சொல்வார்கள். அப்படி இல்லை. உதவித்தொகை பெறுவதால் பதிவுக்கு எந்தப் பாதிப்பும் வராது. உண்மையில் சீனியாரிட்டியைக் கெடுப்பது புதுப்பிக்க மறப்பதுதான். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இணையத்திலேயே செய்துவிடலாம், காசு கிடையாது. திருப்பூர் போன பையனின் பதிவு ஊரில் யாரும் பார்க்காமல் காலாவதியாகிவிடும், பிறகு ஐந்து ஆண்டுக் கணக்கும் போய்விடும். உதவித்தொகை வந்துகொண்டிருப்பவர் ஆண்டுக்கொருமுறை சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் சத்தமில்லாமல் நின்றுபோகும்.

இனி பணம் வழியில் தொலையும் இடங்கள். 2024 ஜனவரி 1 முதல் நூறு நாள் கூலி ஆதார் வழியாக மட்டுமே வருகிறது. ஆதாரோடு கடைசியாக இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் பணம் போகும். மகளிர் உரிமைத்தொகைக்கென்றோ மகளிர் குழுவுக்கென்றோ புதுக்கணக்கு தொடங்கி அங்கே ஆதார் கொடுத்திருந்தால், கூலி அங்கே போய் விழுந்திருக்கும். பழைய பாஸ்புக்கை மட்டும் பதிந்து பார்த்துவிட்டுக் கூலி வரவில்லை என்று மாதக்கணக்கில் அலையும் பெண்கள் உண்டு. வங்கியில் கேட்க வேண்டியது, "என் ஆதார் இப்போது எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது?" என்ற ஒரே கேள்வி. வேலை அட்டை குடும்பத்தின் கையில்தான் இருக்கவேண்டும், பணித்தளப் பொறுப்பாளர் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. அட்டைக்கும் மனுவுக்கும் கட்டணம் இல்லை.

கூலி 15 நாளில் வரவேண்டும். தாமதித்தால் 16ஆம் நாளிலிருந்து தினமும் 0.05 விழுக்காடு இழப்பீடு. 2,000 ரூபாய்க்கு நாளுக்கு ஒரு ரூபாய்தான். ஆனாலும் கேளுங்கள், தாமதம் நடந்தது என்பதற்கு அது பதிவு. 2024 நவம்பர் கடைசியிலிருந்து மாநிலம் முழுக்கக் கூலி நின்றபோது, நிலுவையாக 1,056 கோடி ரூபாயை விடுவிக்கக் கோரி 2025 ஜனவரியில் முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பொங்கலுக்குக் கூலி கைக்கு வராத வீடுகள் தமிழ்நாட்டில் எத்தனையோ.

"வேலையில்லாத இளைஞர்களுக்குப் பிரதமர் திட்டத்தில் மாதம் 3,500 ரூபாய்" என்று வாட்ஸப்பில் சுற்றும் செய்தி பொய். அப்படி ஒரு திட்டம் இல்லை என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே மறுத்திருக்கிறது. அந்த இணைப்பைத் தொட்டு ஓடிபி சொல்லிப் பணம் போயிருந்தால் உடனே 1930க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை மடக்க முடியும்.

ஒரத்தநாட்டுக்கு முக்தாம்பாள்புரம் என்றும் பெயர். இரண்டாம் சரபோஜி மன்னர் தம் அன்புக்குரிய முக்தாம்பாள் என்ற பெண்ணின் நினைவாகக் கட்டிய சத்திரத்தில் வழிப்போக்கருக்கும் ஏழைக்கும் சோறு போட்டார்கள். அது மன்னரின் கொடை, கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், நிறுத்தினால் கேட்க வழியில்லை. இன்றைய உதவிகளை அந்த மனத்தோடு வாங்கவேண்டாம். மறுத்தால் முறையிட இடங்கள் இருக்கின்றன. திங்கள்தோறும் தஞ்சாவூரில் ஆட்சியரின் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது, மனுவுக்கு எண் வாங்காமல் திரும்பாதீர்கள். போக முடியாதவர் 1100க்குப் பேசலாம். நூறு நாள் வேலைக்கென்று மாவட்டத்துக்கு ஒரு குறைதீர்ப்பாளர் உண்டு, சமூகத் தணிக்கைக்கு வருபவர்களிடமும் ரசீதைக் காட்டலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும், அழைக்க 15100.

ஊர்க் கணக்கு இல்லை என்ற குறையை ஊர்க்காரர்களே தீர்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி ஒரு மனு. எங்கள் ஊராட்சியில் இந்த நிதியாண்டில் வேலை கேட்டு எத்தனை மனு வந்தது, எத்தனை பேருக்குத் தேதியிட்ட ரசீது கொடுத்தீர்கள், 15 நாள் தாண்டியும் வேலை பெறாதவர் எத்தனை, அவர்களில் எத்தனை பேருக்குப் படி கொடுத்தீர்கள் என்று நான்கே கேள்வி. பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள், சொல்லாவிட்டால் முதல் மேல்முறையீடு. வயலில் வேலை ஏறக்குறைய இல்லாத மாதத்தில், மே 1 அன்று, கிராம சபை கூடுகிறது. அங்கே எழுந்து அந்தப் பதிலை வாசிக்க வேண்டுமானால், மனு மார்ச் முதல் வாரத்திலேயே ஒரத்தநாட்டில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.