எலும்பு முறிவோடு குடற்காயமும் சேர்ந்தால்

விபத்தில் இடுப்பெலும்பு நொறுங்கிய ஒருவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகையில், சூழ்ந்து நிற்போரின் கவனமெல்லாம் கோணிக் கிடக்கும் காலின் மீதே செல்கிறது. அதே மோதலில் குடலும் கிழிந்திருக்கலாம் என்பதும், எலும்பினும் பெரிய அபாயம் அக்கிழிசல் வழியே வரக்கூடும் என்பதும் எவர் சிந்தையிலும் எழுவதில்லை.

கிருமி புகும் விதம்

ஒரு கிராம் மலத்தில் ஏறத்தாழ 10,000 கோடி கிருமிகள் வாசம் செய்கின்றன. குடற்சுவருக்குள் அடங்கியிருக்கும் வரையில் அவற்றால் தீங்கில்லை, உபகாரமும் உண்டு. ஆனால் முறிந்த எலும்பின் கூரிய முனை மலக்குடலைக் கிழித்துவிட்டால், இடுப்புக்குள் லிட்டர் கணக்கில் தேங்கக்கூடிய ரத்தமே அவற்றுக்கு ஆகாரமாகிறது. நசுங்கி, ரத்த ஓட்டம் குன்றிய சதையிலே ஈ.கோலையும், பிராணவாயு இன்றியே தழைக்கும் பாக்டீராய்ட்ஸ் முதலியனவும் ஒருங்கே பெருகிச் சீழ் பிடிக்கச் செய்கின்றன. எலும்பை இணைக்கப் பொருத்திய உலோகத் தகட்டில் அவை படலமாய் ஒட்டிக்கொண்டால், மருந்து எளிதில் எட்டுவதில்லை. விஷம் ரத்தத்தில் பரவினாலோ, சிறுநீரகமும் நுரையீரலும் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழக்கின்றன.

வைத்தியரின் முறை

ஆன்டிபயாடிக் மருந்தைத் தாமதமின்றித் தொடங்குவதும், அழுகிய சதையை அகற்றிப் புண்ணைக் கழுவுவதும், எலும்பைத் தற்காலிகமாக வெளிக்கம்பிகளால் நிலைநிறுத்துவதும் வழக்கம். மலக்குடல் கிழிந்து, முறிவும் திறந்த புண்ணாக இருந்தால், மலம் அங்கே படாதிருக்க வயிற்றில் ஒரு வாய் அமைத்துப் பைக்குள் திருப்பிவிடுவதுமுண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் பெருங்குடற் காயங்களுக்குப் பெருமளவில் கையாளப்பட்ட இம்முறையைக் கேட்டதுமே குடும்பத்தார் அஞ்சிச் சம்மதம் தர மறுப்பது பெரும் பிழையென்றே கருதுகிறேன். பெரும்பாலோருக்குப் புண் ஆறிய பின், சில மாதங்களில், அவ்வாயை மூடிவிடலாம்.

உறவினர் கவனத்துக்கு

முறிவின் கடும் வேதனையும், அதைத் தணிக்கத் தரும் மருந்தும் வயிற்று வலியை மறைத்துவிடுகின்றன. சிறுகுடலின் சிறு கிழிசல் முதல் ஸ்கேனில் புலப்படாமல், ஓரிரு நாள் கழித்தே தெரியவருவதும் உண்டு. ஆகையால் வயிறு உப்பினாலும், பலகைபோல் இறுகினாலும், வாந்தியோ ஜுரமோ கண்டாலும், ஆசனவாயில் ரத்தம் கசிந்தாலும், அடிவயிற்றில் சீட் பெல்ட் அழுத்திய தழும்பு தெரிந்தாலும், கட்டுப் போட்டாயிற்றே என்று வாளாவிருக்காமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் அனுமதிக்கும் வரையில், இரக்கத்தால்கூட ஒரு வாய்த் தண்ணீரோ காப்பியோ புகட்டாதீர்கள்.