திரையில் தங்கிய தெருக்கள்

கோலியர்ஸ் வுட் நிலக்கீழ் தொடருந்து நிலையத்தை விட்டு வெளியே வருவோர் அருகேயுள்ள கோபுரக் கட்டடத்தை அண்ணாந்து பாராமற் செல்வது அரிது. அறுபதுகளில் அலுவலகமாக எழுப்பப்பட்ட இது, 2006 இல் பிபிசி நடத்திய வாக்கெடுப்பில் லண்டனின் மிக அவலட்சணமான கட்டடமெனப் பெயரெடுத்தது. அந்தக் கறுத்த மேனி இன்றில்லை. வெளிப்புறம் மாற்றப்பட்டு, 'பிரிட்டானியா பொயின்ற்' என்னும் குடியிருப்பு மாடியாக நிற்கின்றது. அருகிலுள்ள மேர்ட்டனைத் தளமாகக் கொண்டு 2010 வரை தயாரிக்கப்பட்ட 'தி பில்' என்ற பொலிஸ் தொடரில், கள்வனைத் துரத்தும் காவலருக்குப் பின்னால் இப்பகுதித் தெருக்கள் அன்றிருந்தவாறே ஓடி மறைகின்றன.

திரைப்படம் நகரைக் காப்பது பெரும்பாலும் இவ்வாறு தற்செயலாகவே. 1967 இல் வெளிவந்த 'அனுபவி ராஜா அனுபவி' படத்தில் நாகேஷ் பாடித் திரியும் சென்னையை நாம் சிரித்துக்கொண்டு பார்த்தோம். இன்று பார்ப்பவருக்கோ நாகேஷைக் காட்டிலும் அவர் பின்னால் விரியும் வீதிகளே வியப்பளிக்கும். அந்நகரின் மூர் மார்க்கெட்டும் 1985 இல் எரிந்துபோயிற்று.

எமது நிலைமை இதனினும் கொடியது. 1972 இல் 'குத்துவிளக்கு' படத்தைத் தயாரித்த வீ. எஸ். துரைராஜா ஒரு கட்டடக் கலைஞர். யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்தை வடிவமைத்தவர். 1981 இல் எரிக்கப்பட்ட பொது நூலகத்தின் மீள்நிர்மாணத்திலும் பங்குகொண்டவர். கட்டடம் வரைந்த கையே படமும் எடுக்க முனைந்தது எமக்குக் கிடைத்த பேறு. ஆனால் 1983 யூலையில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையானபோது இலங்கைத் திரைப்படச் சுருள்கள் பலவும் எரிந்தன. ஊரும் எரிந்தது, ஊரைப் பிடித்துவைத்த படமும் எரிந்தது.

எனினும் இன்னொரு திரைக்களஞ்சியம் எம்மவர் வீடுகளிலேயே உண்டு. எண்பதுகளில் ஊரில் வீடியோவில் எடுக்கப்பட்ட கலியாணங்களையும் பூப்புனித நீராட்டு விழாக்களையுமே சொல்கின்றோம். மணமக்களை விட்டுவிட்டுப் படலை, முற்றம், கிணற்றடி, தலைவாசல் என்று கமெராக்காரர் சுற்றித் திரிவதைப் பார்த்து நாம் அலுத்துக்கொண்டதுண்டு. வலிகாமம் வடக்கில் 1990 இன் பின் உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட வீடுகள் பல தரைமட்டமாகிவிட்டன. அவற்றுட் சிலவற்றின் தூண்களும் ஓட்டுக்கூரையும் எஞ்சியிருப்பது அந்த 'வீணான' காட்சிகளில் மட்டுமே.

நாடாக்கள் நெடுநாள் இரா. காந்தப்பூச்சு உதிர்ந்து படம் மங்கும். அவற்றை ஓட்டும் கருவியை இறுதிவரை செய்துவந்த யப்பானிய ஃபுனாய் நிறுவனமும் 2016 இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பிரதியெடுத்துக் கொடுக்கும் கடைகள் லண்டனில் இன்னும் உள்ளன. பிரதியெடுக்கும்போது விருந்தினர் முகங்களை மட்டும் வைத்துக்கொண்டு, வெற்று முற்றத்தை வெட்டிவிடும்படி கடைக்காரரிடம் சொல்லாதிருப்பீர்களாக. வீடு யாருடையது, எந்தக் குறிச்சி என்பதையும் பெட்டியின் மேல் எழுதி வையுங்கள். அதைச் சொல்லக்கூடிய முதியோர் இன்னும் எம்மிடையே இருக்கின்றனர்.