கால்நடைகளுக்குக் கழுவு மருந்துகள்: கோமாரிக் காலத்தில் கவனிக்க வேண்டியவை

நீலகிரி ஜில்லாவில் பால் மாடு வைத்து ஜீவிக்கும் குடியானவர்களுக்குக் கோமாரி வியாதி பெரு நஷ்டம் விளைவிப்பதாகும். காணை என்றும் வழங்கும் இவ்வியாதி வைரஸ் என்னும் நுண்கிருமியால் உண்டாகிறது. குளிர்ச்சியும் ஈரமும் மிகுந்த காற்றில் அது நெடுநேரம் அழியாதிருக்குமாதலால், மூடுபனி சூழ்ந்த மலைநாட்டில் மிக்க ஜாக்கிரதை அவசியம். கலப்பின மாடுகள் அதிகமாக வருந்தும். இளங்கன்றுகள் இருதயம் பாதிக்கப்பட்டுத் திடீரென்று மடிவதும் உண்டு.

வைரஸைக் கொல்லும் கழுவு மருந்து கிடையாது. எனினும், வாய்ப்புண்ணைச் சுத்தமாக வைத்தால் வேறு கிருமிகள் சேரா. மாடு சீக்கிரம் தீனி எடுக்கும். பாலும் அவ்வளவாகக் குறையாது.

மருந்து தயாரித்தல்: கொதித்து ஆறிய 1 லிட்டர் ஜலத்தில் 1 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை முற்றிலும் கரைக்கவும். கரையாத துகள் புண்ணைச் சுடுமாதலால் துணியில் வடிகட்டுவது நலம். இது கிடையாவிடில் 10 கிராம் படிகாரத்தையாவது, 20 கிராம் ஆப்ப சோடாவையாவது அதே அளவு ஜலத்தில் கரைத்து உபயோகிக்கலாம். கண்மதிப்பாகக் கலத்தல் கூடாது.

வாய் கழுவுதல்: மாட்டின் தலையை மேலே தூக்கலாகாது. தூக்கினால் மருந்து சுவாசப்பைக்குள் இறங்கி, மாடு கபவாத ஜுரத்தால் மடியக்கூடும். தலையைத் தாழ்த்தி, கடைவாய் வழியாகச் சிறிது சிறிதாக விட்டு, வெளியே வழியும்படி செய்க. தினம் இரண்டு மூன்று முறை கழுவிய பின் போரிக் அமிலம் கலந்த கிளிசரினைத் தடவுக. கேழ்வரகுக் கஞ்சியும் இளம்புல்லும் கொடுக்கவும்.

குளம்பு: குளம்பின் பிளவை அதே பெர்மாங்கனேட் ஜலத்தால் கழுவி, புழு வைக்காதபடி வேப்பெண்ணெய் தடவி, மாட்டை உலர்ந்த தரையில் கட்டுக.

கருப்பை: ஈன்ற பசுவின் நஞ்சுக்கொடி 12 மணி நேரத்திற்குள் விழாவிடில், அதை இழுப்பதும் கல்லைக் கட்டித் தொங்கவிடுவதும் பெருந்தீங்கு. கருப்பைக்குள் கழுவு மருந்தைத் தாமாகவே செலுத்துவதும் அவ்வாறே. காரமான மருந்து உட்சவ்வைப் புண்ணாக்கி, மறுபடியும் சினை பிடிக்காமற் செய்யும். வெளிப்புறத்தை மட்டும் சுத்தம் செய்து, மிருக வைத்தியரை அழைக்கவும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு: கோமாரி கண்ட மாட்டைப் பற்றி அதன் சொந்தக்காரர் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ அறிவிக்க வேண்டுமென்று 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் விதிக்கிறது. தகவல் கிடைத்தவுடன் அதைக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்து, நோயுற்ற மாடுகள் பொது மேய்ச்சலுக்கும் சந்தைக்கும் செல்லாதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். தேயிலைத் தோட்டங்களில் திரியும் காட்டெருமைகளுக்கும், தோடர்களின் எருமைகளுக்கும் இவ்வியாதி தொற்றக்கூடும். தொழுவத்தையும் பாத்திரங்களையும் லிட்டருக்கு 40 கிராம் வீதம் சலவை சோடா கரைத்த ஜலத்தால் கழுவினால் கிருமி அழியும்.

கழுவுதல் வந்த நோய்க்குச் சிகிச்சை. வருமுன் காப்பது தடுப்பூசியே. 2019-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி, நான்கு மாதத்திற்கு மேற்பட்ட மாடு, எருமைகளுக்கு ஆறு மாதத்திற்கொருமுறை ஊசி இலவசமாகப் போடப்படுகிறது. ஒரு வீட்டு மாடு தப்பினாலும் ஊர் மந்தைக்கே ஆபத்தாதலால், முகாம் நாளில் எல்லா மாடுகளையும் தவறாது கொண்டுவருதல் குடியானவர் கடமையாகும்.