சுண்ணக்கல்லில் ஒளிந்திருக்கும் வாயு

சுண்ணாம்புக் காளவாயை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். சுண்ணக்கல்லையோ கிளிஞ்சலையோ கரியோடு கலந்து அடுக்கித் தீ மூட்டுவார்கள். வெந்தபின் வெளியே எடுத்தால் கல் கல்லாகவேதான் தோன்றும். ஆனால் கையில் எடுத்தால் எடை குறைந்திருப்பது தெரியும். உள்ளே போட்டது 100 கிலோ தூய சுண்ணக்கல் என்றால், வெளியே வருவது 56 கிலோதான். மீதி 44 கிலோ எங்கே போயிற்று?

கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் கலந்துவிட்டது. சுண்ணக்கல் என்பது கால்சியம் கார்பனேட். கடும் வெப்பத்தில் அது கால்சியம் ஆக்சைடாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. மூலக்கூறு எடைகளை நீங்களே கூட்டிப் பாருங்கள்: 56-ம் 44-ம் சேர்ந்து 100. பள்ளிப் பாடத்தில் படித்த இந்தச் சிறிய கணக்கில்தான் உலகின் பெரிய சிக்கல் ஒன்று அடங்கியிருக்கிறது.

சிமெண்டு ஆலையும் ஒரு மாபெரும் காளவாய்தான். சுண்ணக்கல்லையும் களிமண்ணையும் அரைத்துக் கலந்து, சுழலும் உலையில் ஏறத்தாழ 1450 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்குகிறார்கள். கருஞ்சாம்பல் நிற உருண்டைகள் கிடைக்கின்றன. இவற்றுக்குக் கிளிங்கர் என்று பெயர். கிளிங்கரோடு சிறிது ஜிப்சம் சேர்த்து மாவாக அரைத்தால் சாதாரண சிமெண்டு. கிளிங்கரில் மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் ஆக்சைடு. ஆகவே ஒரு டன் கிளிங்கர் உண்டாகும்போது கல்லிலிருந்து மட்டுமே அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. உலைக்கு எரித்த நிலக்கரியின் புகை இதற்கு மேல். இரண்டும் சேர்ந்து டன்னுக்குச் சுமார் 850 கிலோ என்று கொள்ளலாம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். மின்சாரம் உண்டாக்க நிலக்கரிக்குப் பதிலாகச் சூரிய ஒளியைப் பயன்படுத்தலாம், புகை நின்றுவிடும். சிமெண்டில் அப்படி முடியாது. உலையைச் சூரிய வெப்பத்தாலேயே சூடாக்கினாலும், கல்லுக்குள் இருக்கும் வாயு வெளியேறியே தீரும். அது எரிபொருளின் குற்றமன்று, கல்லின் இயல்பு. மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் ஏழு, எட்டு விழுக்காடு சிமெண்டிலிருந்து வருவதன் காரணம் இதுதான்.

அப்படியானால் வழி என்ன? வெளியேறும் வாயுவைப் பிடித்து நிலத்தடியில் அடைக்கும் முயற்சிகள் நடக்கின்றன. அவை செலவு மிக்கவை. எளிய வழி, கிளிங்கரைக் குறைத்துச் சிமெண்டு செய்வது. அது முடியுமா?

சாம்பல் செய்யும் வேலை

முடியும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். சுண்ணாம்போடு செங்கல் தூளைச் சேர்த்து அரைத்த சுர்க்கிச் சாந்து, தண்ணீருக்குள்ளும் இறுகும். 1895-ல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையில் சுண்ணாம்பும் சுர்க்கியும் பயன்பட்டன. பண்டைய ரோமானியர் செங்கல் தூளுக்குப் பதிலாக எரிமலைச் சாம்பலைச் சேர்த்தனர். இத்தாலியின் போட்சுவோலி ஊரில் கிடைத்ததால் அச்சாம்பலுக்குப் பொஸ்ஸோலானா என்று பெயர் வந்தது.

இவற்றின் செயல் ஒன்றே. சிமெண்டு தண்ணீரோடு வினைபுரியும்போது, உறுதி தரும் பசைப்பொருளோடு நீற்றுச் சுண்ணாம்பும் உண்டாகிறது. இந்தச் சுண்ணாம்பால் காங்கிரீட்டுக்குப் பெரிய வலு இல்லை. அனல் மின் நிலையப் புகைப்போக்கியில் பிடிக்கப்படும் நுண்சாம்பலில் சிலிக்கா மிகுதி. அது அந்தச் சுண்ணாம்போடு மெல்ல இணைந்து, மேலும் பசைப்பொருளை ஆக்குகிறது, நுண்துளைகளை அடைக்கிறது. வீணாகக் கிடந்த இரண்டு பொருள்கள் சேர்ந்து ஒரு பயனுள்ள பொருளாகின்றன!

ஒரு மூட்டைக் கணக்கைப் பார்ப்போம். 50 கிலோ சாதாரண சிமெண்டு மூட்டைக்கு ஏறத்தாழ 40 கிலோ கரியமில வாயு. அதில் 30 விழுக்காடு சாம்பல் கலந்தால் 28 கிலோ. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 400 மூட்டை என்று வைத்துக்கொண்டால் மிச்சம் ஏறக்குறைய 5 டன். இந்தியர் ஒருவரின் ஓராண்டுப் பங்கு சராசரியாக 2 டன் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

விதியே தடையான காலம்

இவ்வளவு நல்ல பொருளை மக்கள் தாமாகவே ஏற்றிருக்க வேண்டாமா? நடந்தது வேறு. வீடு கட்டிய நண்பர் ஒருவரோடு ஒருமுறை வேலை நடக்கும் இடத்துக்குச் சென்றிருந்தேன். "சாம்பல் சிமெண்டு வேண்டாம் சார், தளம் சீக்கிரம் இறுகாது. சென்ட்ரிங் பிரிக்க நாளாகும்" என்றார் கொத்தனார். அவர் சொன்னதில் பாதி உண்மை. சாம்பல் சிமெண்டு முதல் வாரத்தில் மெதுவாகத்தான் வலுப்பெறும். ஆனால் 28 நாள் கழித்தும் அதன் வலு ஏறிக்கொண்டே போகும் என்பது மறுபாதி.

கொத்தனாரைக் குறை கூறிப் பயனில்லை. அரசுக் கட்டடத் துறைகளிலேயே பல, தூண், தளம் போன்ற காங்கிரீட் வேலைகளுக்குச் சாம்பல் சிமெண்டை நெடுங்காலம் ஏற்கவில்லை. இந்தியத் தர விதிகள் அதற்கு இடம் தந்தபின்னும், ஒப்பந்தப் பத்திரத்தில் பழைய வாசகமே நீடித்தது. பாதுகாப்புக்காக எழுதிய ஒரு வரி, நல்ல பொருளுக்கும் கதவை அடைத்துவிடுகிறது. ஆகவே அரசு செய்யக்கூடிய முதல் வேலை புதிய தடை போடுவதன்று. காலாவதியான தடையை நீக்குவது. இதற்குச் செலவே இல்லை.

1999-ஆம் ஆண்டு ஆணை

அனுமதி தந்தால் மட்டும் போதுமா? 1996-97-ல் நம் நாட்டு அனல் மின் நிலையச் சாம்பலில் பத்தில் ஒரு பங்குகூடப் பயன்படவில்லை. எஞ்சியது சாம்பல் குட்டைகளில் குவிந்து, கோடையில் தூசியாகப் பறந்தது. மழையில் வயலுக்குள் இறங்கியது. மறுபுறம் செங்கல் சூளைகள் வளமான மேல்மண்ணை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தன.

1999 செப்டம்பரில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் ஆணை பிறப்பித்தது. அனல் மின் நிலையத்துக்கு 50 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள செங்கல் சூளைகள் மண்ணோடு குறைந்தது 25 விழுக்காடு சாம்பல் கலக்க வேண்டும். மின் நிலையங்கள் பத்து ஆண்டுகளுக்குச் சாம்பலை விலையின்றித் தர வேண்டும். பிறகு தூர எல்லை 2003-ல் 100 கிலோமீட்டராகவும், 2016-ல் 300 கிலோமீட்டராகவும் விரிந்தது. 2021 டிசம்பரில் வந்த ஆணை, பயன்படுத்தாத சாம்பலுக்கு டன்னுக்கு 1000 ரூபாய் இழப்பீடு விதித்தது. 2021-22-ல் சாம்பல் பயன்பாடு 95 விழுக்காட்டைத் தாண்டியது.

இதை முழு வெற்றி என்று கொண்டாடிவிடக் கூடாது. பயன்பட்ட சாம்பலில் ஒரு பகுதியே சிமெண்டுக்குப் போகிறது. சாலைக்கும் பள்ளம் நிரப்பவும் போவதும் பயன்பாடாகவே எண்ணப்படுகிறது. சிமெண்டு ஆலைகள் சாம்பலை விரும்பியதற்குக் கிளிங்கரைவிட அது மலிவு என்பதும் ஒரு காரணம். அன்றியும் இந்த ஆணை தட்பவெப்ப மாற்றத்தை எண்ணிப் பிறந்ததன்று. மண்ணையும் காற்றையும் காக்கப் பிறந்தது. ஆயினும் குட்டைக்குப் போய்க்கொண்டிருந்த பொருளை அது சந்தைக்குத் திருப்பிவிட்டது. ஒரு திசையில் உறுதியாக நகரும் விதி, எதிர்பாராத நன்மையையும் தரும்.

உச்சவரம்பு

"இதைக் கல" என்று சொல்வது ஒரு வகை விதி. "எதையாவது செய்துகொள், இந்த அளவைத் தாண்டாதே" என்பது மற்றொரு வகை. இரண்டாம் வகைக்கு டென்மார்க் நல்ல எடுத்துக்காட்டு.

அந்நாட்டில் 2023 ஜனவரி முதல், புதிய கட்டடத்தின் வாழ்நாள் கரியமில வாயுக் கணக்கைக் காட்ட வேண்டும். சிமெண்டு, எஃகு, கண்ணாடி ஆகியவற்றை உண்டாக்கியபோது வெளியான வாயுவும், 50 ஆண்டுகளில் கட்டடம் செலவிடும் ஆற்றலுக்கான வாயுவும் இக்கணக்கில் அடங்கும். 1000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு, ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 12 கிலோ உச்சவரம்பு. 2025 ஜூலையில் இது சராசரியாக 7.1 கிலோவாக இறக்கப்பட்டு, சிறிய கட்டடங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. மரத்தால் கட்டுவதா, மெல்லிய தளம் போடுவதா, பழைய செங்கல்லை மீண்டும் பயன்படுத்துவதா என்பது கட்டுபவரின் விருப்பம். முதலில் அளக்கச் சொன்னார்கள். பிறகு எல்லை வைத்தார்கள். பிறகு எல்லையை இறக்கினார்கள். அளக்காத ஒன்றைக் குறைக்க முடியாது என்பது இயற்பியல் மாணவருக்குப் புதிதன்று.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. சதுர மீட்டருக்கு இவ்வளவு என்றால், இரு மடங்கு பெரிய வீடு கட்டுபவருக்கு இரு மடங்கு வாயு விட அனுமதி கிடைத்துவிடுகிறதே!

நம் நாட்டில் கட்டடங்களின் மின்செலவைக் குறைக்கும் விதித்தொகுப்பு 2007-ல் வணிகக் கட்டடங்களுக்கும், 2018-ல் வீடுகளுக்கும் வெளியாயிற்று. கூரையும் சுவரும் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம் என்பதை அவை வரையறுக்கின்றன. ஆனால் மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் நாளை மாற்றிக்கொள்ளலாம். தளம் போட்ட அன்றே அந்தச் சிமெண்டின் வாயு காற்றில் கலந்து முடிந்திருக்கிறது. அதைத் திரும்ப அழைக்க வழியில்லை. நம் நாட்டின் வீடுகளில் பெரும்பகுதி இனிமேல்தான் எழ இருக்கிறது என்பதால் நமக்கு இது அவசரமான கணக்கு.

சாம்பல் தீர்ந்தால்?

நிலக்கரியை எரிப்பது குறையக் குறையச் சாம்பலும் குறையும். குறையத்தான் வேண்டும், சாம்பல் வேண்டும் என்பதற்காக நிலக்கரியை எரிப்பது, கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதாகும்.

இதற்கும் விடை கிடைத்திருக்கிறது. சுவிட்சர்லாந்து, கியூபா, இந்தியா ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு சிமெண்டை உருவாக்கினர். டெல்லி, சென்னை, மும்பை ஐ.ஐ.டி.களுக்கும் இதில் பங்கு உண்டு. அதில் கிளிங்கர் 50 பங்கு, சுட்ட களிமண் 30, சுடாத சுண்ணக்கல் தூள் 15, ஜிப்சம் 5. களிமண்ணைச் சுட 700 முதல் 850 டிகிரி போதும். அதைவிடச் சிறப்பு, அந்தக் களிமண்ணைச் சுட்டால் வெளியேறுவது நீராவி. கரியமில வாயு அன்று! இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2023-ல் இதற்கு ஐ.எஸ். 18189 என்ற தர எண்ணை வழங்கியது. அந்த எண் வெறும் எழுத்தன்று. அது இருந்தால்தான் பொறியாளர் துணிந்து கையெழுத்திடுவார்; அரசு ஒப்பந்தத்தில் இடம் கிடைக்கும். செங்கல் தூளில் தொடங்கிய சுர்க்கி, ஆய்வுக்கூடம் வழியாக மீண்டும் நம்மிடம் வந்திருக்கிறது.

அனுமதிக்கும் விதி, கட்டாயப்படுத்தும் விதி, எல்லை வகுக்கும் விதி என மூன்றும் வேண்டும். மூன்றுக்கும் மேலாக, விதியை நம்பிக் கடைப்பிடிக்கும் கைகள் வேண்டும். அடுத்த முறை வீட்டு வேலை நடக்கும் இடத்தைக் கடக்கும்போது சிமெண்டு மூட்டையின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஐ.எஸ். 269 என்றால் சாதாரண சிமெண்டு, ஐ.எஸ். 1489 என்றால் பொஸ்ஸோலானா கலந்தது. கலந்த சிமெண்டுக்கு ஏழு நாள் நீராற்றினால் போதாது, குறைந்தது பத்து நாள் வேண்டும் என்பது இந்தியக் காங்கிரீட் விதி. அந்த மூன்று நாள் பொறுமைதான் நாம் தரும் விலை. கிடைப்பதோ, மூட்டைக்குப் பன்னிரண்டு கிலோ வாயு காற்றில் கலக்காமல் தவிர்க்கப்படும் நிம்மதி!