மனச்சோர்வு: மீட்சியும் வளர்ச்சியும்

துக்கமும் நோயும்

துக்கம் வேறு, மனச்சோர்வு வேறு. இழவு நடந்த வீட்டிலும் பேரப்பிள்ளையின் குறும்பைப் பார்த்து நடுவே ஒரு சிரிப்பு வந்துவிடும். மனச்சோர்வில் அந்தச் சிரிப்பு நின்றுபோகிறது. எதிலும் பிடிப்பின்மை, விடிவதற்கு முன்பே கலையும் தூக்கம், பசியின்மை, ஓயாத அசதி, எல்லோருக்கும் தான் ஒரு பாரம் என்ற எண்ணம் ஆகியவை பெரும்பாலான நாட்களில் நாள் முழுக்கத் தொடர்ந்து, இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவம் தேவை. புதுச்சேரியின் ரெட்டியார்பாளையம் போன்ற பகுதியில் இது "நெஞ்சு பாரமா இருக்கு", "உடம்பே முடியல" என்ற பேச்சாகத்தான் பெரும்பாலும் வெளிப்படும். அதனால் பல நேரம் சத்து ஊசியோடு விஷயம் முடிந்துவிடும், மனச்சோர்வு கண்டறியப்படாமல் போகும். தைராய்டு குறைபாடும் பி12 குறைவும் இதே அசதியைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் அவசியம்.

புதுச்சேரிக்கு இது சிறிய செய்தியல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2015-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இங்கு லட்சம் பேருக்கு 43.2 தற்கொலைகள், நாட்டின் சராசரி 10.6. காரணங்கள் பல, ஒன்றை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இங்கே மலிவாகக் கிடைக்கும் மதுவைத் தூக்க மருந்தாக எண்ணிக் குடிப்பது சோர்வை இன்னும் ஆழமாக்கும்.

இருளில் வளர்ச்சி உண்டா?

பெரும் அதிர்ச்சிகளைக் கடந்தவர்களில் சிலர் உறவுகளை முன்னிலும் நெருக்கமாக உணர்வதையும், வாழ்வில் எது முக்கியம் என்ற கணக்கை மாற்றிக்கொள்வதையும் அமெரிக்க உளவியலாளர்கள் டெடெஸ்கியும் கல்ஹூனும் கவனித்தார்கள். அதை அளக்க 1996-இல் ஒரு வினாப்பட்டியலையும் வெளியிட்டார்கள். இந்த வளர்ச்சி எல்லோருக்கும் வருவதில்லை. வருபவர்களுக்கும் பெரும்பாலும் திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. எழுந்து பல் துலக்கவே தெம்பில்லாதவரிடம் "இதுவும் ஒரு பாடம்தான்" என்பது ஆறுதலல்ல, கூடுதல் சுமை.

புதுச்சேரியே ஒரு சான்று தருகிறது. பாரதி 1908 முதல் 1918 வரை இங்கே வறுமையிலும் ஒற்றர்களின் கண்காணிப்பிலும் வாழ்ந்தார். அவருடைய 'இந்தியா' இதழும் 1910-இல் நின்றது. கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, பாஞ்சாலி சபதம் மூன்றும் அந்த ஆண்டுகளின் படைப்புகள். அவருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது என்பதல்ல இங்கே பேச்சு. வ.வே.சு. ஐயர், அரவிந்தர் போன்றோரின் நட்பும் கைவிடாத எழுத்து வேலையும் அவருக்கு இருந்தன. துன்பம் தானாக எதையும் விளைவிப்பதில்லை. துணையும் வேலையும் சேரும்போதே வளர்ச்சிக்கு வழி பிறக்கிறது.

செயல் முதலில்

மனம் தெளிந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், முன்பு பிடித்திருந்த சிறு காரியங்களை நேரம் குறித்துச் செய்வது ஒரு சிகிச்சை முறை. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் இதை ஆறு முதல் எட்டு அமர்வுகளில் தந்தபோது வழக்கமான கவனிப்பைவிட நல்ல பலன் கிடைத்தது. 2017-இல் லான்செட் இதழ் அந்த ஆய்வை வெளியிட்டது. வாசலில் கோலம் போடுவது, மாலையில் வண்டிகள் ஓடாத கடற்கரைச் சாலையில் கால்மணி நேரம் நடப்பது, வில்லியனூர் மாதா கோவிலுக்கு ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போவது என எதுவாகவும் இருக்கலாம். வேண்டுதலோடு மருத்துவமும் நடக்கட்டும். ஒன்றுக்காக மற்றதை நிறுத்த வேண்டியதில்லை.

சிகிச்சை

மனச்சோர்வு மாத்திரைகள் பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நிறுத்துவதை மருத்துவர் சொல்லும் படிநிலைகளில் செய்ய வேண்டும். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், பதற்றம் வரும். ரெட்டியார்பாளையத்தாருக்குக் கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரியும் கோரிமேடு ஜிப்மரும் எட்டும் தூரத்தில் உள்ளன. சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருவருக்கு எழுந்தால் அவரைத் தனியே விடாமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிப்பதற்குப் பதிலாகச் சிகிச்சையும் பராமரிப்பும் தருவது அரசின் கடமை என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். நடுவண் அரசின் டெலிமனாஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.