பிரெஞ்சுக் கூட்டுப்பெயரில் அசைப்பிரிப்பும் ஒலிப்பும்: ‘அர்க்-ஆன்-ஸ்யெல்’

ஆய்வுச் சுருக்கம்

பிரெஞ்சு மொழியில் வானவில்லைக் குறிக்கும் ‘அர்க்-ஆன்-ஸ்யெல்’ என்னும் கூட்டுப்பெயரில் எழுத்தெல்லையும் அசையெல்லையும் வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டையும், தமிழ் ஒலிபெயர்ப்பில் அது எழுப்பும் சிக்கலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அசை, கூட்டுப்பெயர், புணர்ச்சி, மூக்குயிர், ஒலிபெயர்ப்பு.

அசைப்பிரிப்பு

வில், ‘இல்’ என்னும் பொருள் தரும் முன்னிடைச்சொல், வானம் ஆகிய மூன்றும் இரண்டு இணைப்புக்கோடுகளால் தொடுக்கப்பட்டு இப்பெயர் அமைகிறது. எழுத்தில் அர்க்/ஆன்/ஸ்யெல் எனப் பிரியும் இது, ஒலிப்பில் அர்/கான்/ஸ்யெல் எனப் பிரிகிறது. முதற்சொல்லின் ஈற்றுக் ககரமெய், வருமொழி உயிரோடு கூடி இரண்டாம் அசைக்கு முதலாகிறது. பால் + ஆடை என்பது ‘பாலாடை’ எனப் புணர்ந்து பா/லா/டை எனப் பிரிவது இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. எனினும் தமிழில் அக்கூட்டம் எழுத்திலேயே புலப்படும். பிரெஞ்சில் செவிக்கு மட்டுமே புலப்படும்.

பிரெஞ்சில் ‘சே’ என்னும் எழுத்து எகர, இகர எழுத்துகளின் முன் ஸகரமாக ஒலிக்கும். ‘ஸ்யெல்’ என்பதில் அவ்வாறே ஒலிக்கிறது. ‘அர்க்’ என்பதன் ஈற்றிலோ, கோட்டை அடுத்து எகர எழுத்து வந்தும், ககரமாகவே நிற்கிறது. ஆகவே இணைப்புக்கோடு சொல்லெல்லையைக் காட்டுகிறதேயன்றி அசையெல்லையைக் காட்டுவதில்லை.

ஒருமையும் பன்மையும்

பன்மையில் முதற்சொல் மட்டும் ‘எஸ்’ விகுதி பெறும், அவ்விகுதி ஒலிக்கப்படுவதில்லை. எனவே பெயரளவில் ஒருமையும் பன்மையும் ஒன்றுபோலவே ஒலிக்கும். வேறுபாட்டை முன்வரும் சுட்டடையே உணர்த்துகிறது. ஒருமைச் சுட்டடையின் னகரமெய் சேர்ந்து முதலசை ‘னர்’ என்றாகும். பன்மையில் அதிர்வுடைய ஸகரம் சேர்ந்து ‘ஸர்’ என்றாகும். பன்மை சொல்லின் இடையில் அன்றி, முதலிலேயே கேட்கிறது.

ஒலிபெயர்ப்பு

‘சியெல்’ என எழுதினால் தமிழில் ஈரசையாகிவிடும். மூலத்தில் அஃது ஓரசையே. ‘அர்கான்’ என எழுதினால் ககரம் மெலிந்தொலிக்கும். ஆதலின் ககரம் இரட்டித்தல் வேண்டும். ‘கான்’ என்பதில் னகரமெய் தனித்து ஒலிப்பதன்று; உயிரே மூக்கொலி பெறுகிறது. இதனைக் காட்டத் தமிழில் தனிக்குறி இல்லை. இவ்வரம்புக்கு உட்பட்டு ‘அர்க்கான்ஸ்யெல்’ என்னும் வடிவமே மூல ஒலிப்புக்கு நெருங்கியது.

முடிவுரை

தனித்து ‘போர்’ என ஒலிக்கும் பன்றிப்பெயர், முள்ளம்பன்றியைக் குறிக்கும் கூட்டுப்பெயரில் போர்/கே/பிக் எனக் ககரம் பெறுவதும் இங்குக் கருதத்தக்கது. கூட்டுப்பெயரை உறுப்புறுப்பாக ஒலிபெயர்த்து ஒட்டுவது பிழைக்கு வழிவகுக்கும். முழுச்சொல்லின் அசைகளைக் கண்டறிந்த பின்னரே ஒலிபெயர்த்தல் தகும்.